முதல் வகைக்கும் கீழே

சாப்பாட்டை விட்டால் அவர் எதையும் உள்ளங்கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. மோட்டாரோ, சுவிட்ச் பெட்டியோ, கேன்டீன் டீ கேனோ, காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் ஆளின் கழுத்தோ, எதுவானாலும் வலது கையைத் திருப்பிப் புறங்கையை மெல்ல வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கையை எடுத்து "ம்" என்பார். அந்த "ம்" நல்லதா கெட்டதா என்பது அவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளங்கைய வெச்சி, அதுல கரண்ட் இருந்துதுன்னா கை கவ்விக்கும்மா. அப்பால எடுக்க முடியாது. புறங்கைன்னா அதுவே ஒதறித் தள்ளிடும். அத்தொட்டு பழகிப்போச்சு" என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செட்டுக்கு உதிரிப் பாகங்கள் கடைகிற கம்பெனி அது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அவர் பின்கட்டில் ஜெனரேட்டர் ஷெட்டில் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, காதோரம் மட்டும் நரை. பட்டறை ஆட்களுக்கு அவர் அண்ணாத்தே. மேனேஜருக்கு வெறும் ஜெனரேட்டர். "ஜெனரேட்டரை வரச் சொல்லும்மா" என்றால் மெஷினை இல்லை, இவரைத்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனதும் லேத்துகள் ஒவ்வொன்றாக முனகி ஓயும். விசிறிகள் நிற்கும். அத்தனை பெரிய கொட்டகையில் சட்டென்று மனிதர்களின் குரல் மட்டும் கேட்கும். அது எங்களுக்கே வெட்கமாக இருக்கும். அப்போது கம்பெனியில் உயிரோடு இருப்பது பேட்டரியில் ஓடும் என் டெலிபோன் போர்டு மட்டும்தான். மேனேஜர் கத்துவார், நான் ஷெட்டுக்கு மணி அடிப்பேன். ஆனால் மணி அடிக்கும் முன்பே பின்கட்டிலிருந்து பெரிய இருமல் ஒன்று கிளம்பும், புகை எழும், விளக்குகள் மஞ்சளாகத் துடித்து எரியும். எல்லோரும் ஓ என்று கத்துவார்கள். கரண்ட் திரும்பி வந்ததும் அவர் மெஷினை நிறுத்துவார். அதற்கு யாரும் கத்த மாட்டார்கள்.

என் அறையின் பின்ஜன்னலைத் திறந்தால் எதிரே அவர் ஷெட். நடுவில் ஒரு பூவரச மரம். மெஷின் ஓடாத நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் டப்பாவைத் திறப்பேன். எங்கள் பேச்செல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான். நான் ஆவடியில் அப்பாவின் பேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வருகிறவள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. நாள் முழுக்க ஊரார் பேச்சை இணைத்துவிடுவேன். எனக்கென்று ஒரு அழைப்பும் வராது. அவர் அயனம்பாக்கத்துக்காரர், ஏரிக்கரையில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. யாராவது காரணம் கேட்டால், "முகூர்த்த நேரத்துல கரண்ட் பூட்ச்சி" என்று சிரிப்பார். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எஸ்டேட் வாசலுக்கு எப்போதாவது ஒரு புத்தக வேன் வரும். ரஷ்யாவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள், வழவழப்பான தாள், ஒரு வேளை டிபன் விலை. மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் படக்கதை வாங்குவார்கள். இவர் வானத்தைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கி வந்தார். மாதக்கணக்கில் அதையே படித்தார். எண்ணெய்க் கையால் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஜன்னலுக்கு வந்தார்.

"ஒரு ரஷ்யாக்காரன் சொல்லிக்கிறான்மா. வானத்துல எங்கனா நம்மள மாரி, நம்மள வுட பெரிய ஆளுங்க இருந்தா, அவங்கள எப்படி தரம் பிரிக்கிறதுன்னு."

"எப்படியாம்?"

"இன்னா பாஷை, இன்னா சாமி, அதெல்லாம் கெடையாது. எவ்ளோ சக்திய எடுத்து செலவு பண்றாங்க, அவ்ளோதான். தான் இருக்கற பூமில கெடைக்கிற மொத்தத்தையும் எடுத்து ஆள்றவன் முதல் வகை. தன்னோட சூரியன் கொட்ற மொத்தத்தையும் புடிச்சி வெச்சிக்கிறவன் ரெண்டாவது வகை. சூரியன சுத்தி மூடி போட்ட மாரி வெச்சிக்கோ, ஒரு பொட்டு வெளிச்சம் வீணாவாது. மூணாவது வகைன்னா, அந்த நட்சத்திரக் கூட்டம் மொத்தமும் அவன் அடுப்பு."

"நாம எதுலண்ணா?"

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "நாம முதல் வகைக்கே வர்லம்மா. இன்னும் கீழ. பாரு, இந்த ஃபேனுக்கே நம்மாண்ட வழி இல்ல."

அது பட்டறைக்குள் பரவியது. கரண்ட் போனதும் லேத்து ஆட்கள் கத்துவார்கள்: "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு எந்த வகை?" இவர் ஷெட் வாசலில் நின்று, "முதல் வகைக்கும் கீழ!" என்று பதில் குரல் கொடுத்துவிட்டு மெஷினைக் கிளப்புவார். கேலிதான். ஆனால் அவரை யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது.

எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. "நிறைய எரிக்கிறவன்தான் உசத்தின்னா, எங்க காலனியில வீடு முழுக்க லைட்டைப் போட்டுட்டுத் தூங்குற ஆபீசர்தான் உசத்தி" என்றேன். மறுநாள் நான் டப்பாவைத் திறக்கும்போது அவர் பதில் சொன்னார்.

"உசத்தி தாழ்த்தின்னு அந்த ஆளு சொல்லலம்மா. எவ்ளோ தூரம் கூப்ட முடியும்னு பாத்துக்கிறான். கூப்டறதுக்கு சக்தி வோணும் இல்ல? ரெண்டாவது வகை ஆளு ஒரு கொரலு குடுத்தா, எங்கியோ இருக்கறவனுக்குக் கூட கேக்கும். நாம கத்தனா வாசப்படி தாண்டாது."

"அப்ப ஏன் இதுவரைக்கும் யாரும் கூப்பிடல?"

"அதான் தெரில."

"கூப்பிடாம கம்முனு இருந்தா, இருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் புறங்கையை ஜன்னல் கம்பியில் வைத்தார். வெயில் ஏறிய கம்பி.

"சூடு இருக்கே. எவ்ளோ பெரிய ஆளானாலும், எரிச்சா சூடு வெளில வந்தே ஆவணும். மறைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத சூட்டப் பாக்கற மாரி கருவி வெச்சித் தேடுனா ஆப்ட்டுக்குவாங்கன்னு போட்டுக்கீது."

அவர் இதையெல்லாம் நம்பினாரா, பொழுதுபோக்காகச் சொன்னாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஆனால் சூட்டைத் தேடுகிற பழக்கம் அவரிடம் எல்லா நேரமும் இருந்தது. கேட் வாட்ச்மேனைத் தாண்டிப் போகும்போது ஒருநாள் சும்மா அவர் கழுத்தில் புறங்கையை வைத்தார். வாட்ச்மேன் கூச்சத்தில் நெளிந்தார். "எத்தினி நாளாக் காயிது?" என்று இவர் கேட்க, அந்தப் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்துவிட்டார். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று காய்ச்சலோடு கேட்டில் நின்றிருக்கிறார். இவரே மேனேஜரிடம் பேசி, சைக்கிளில் உட்காரவைத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

முதலாளி வீட்டுக் கல்யாணம் பூந்தமல்லி ரோட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. கரண்ட்டை நம்ப முடியாதென்று கம்பெனியின் சின்ன ஜெனரேட்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு அவரையும். தெருமுனை வரை சீரியல் பல்பு, வாசலில் சுற்றும் விளக்கு, மேடையில் கண் கூசும் வெளிச்சம். நான் பட்டுப்புடவையில் போயிருந்தேன். "உனக்கெப்போ?" என்று கேட்டவர்களிடமிருந்து தப்பித்து மண்டபத்தின் பின்பக்கம் போனபோது அவர் டீசல் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். காலையில் சலவைச் சட்டை போட்டு வந்திருக்கிறார்; கரி படாமல் இருக்கக் கையை மடித்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"பாத்தியாம்மா, ரெண்டாவது வகை!"

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"இன்னா?"

"சாப்பிட்டாச்சா?"

"தாலி கட்டட்டும், சாப்புடலாம்!"

தாலி கட்டி ஒரு பந்தி முடிந்து இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மேளம் கேக்கும்னு பாத்துனு இருந்தேன். இந்த சத்தத்துல ஒண்ணும் தெரில" என்றார். நான் உள்ளே போய் இலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது புறங்கையை மெஷினில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

சுவரைப் பற்றி அவர் சொன்னது ஒரு மழைக்காலத்தில். எஸ்டேட் முழுக்க முழங்கால் தண்ணீர். ரயில் ஓடவில்லை. போக முடியாதவர்கள் எல்லோரும் கம்பெனியிலேயே நின்றோம். அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "போய் சூடா ஒரு டீ போட்டுக் குடிச்சாத்தான் சரியாகும்" என்று நான் பொதுவாகச் சொன்னேன்.

"எனக்கு ஊட்ல செவுரு கீதும்மா" என்றார்.

புரியாமல் பார்த்தேன். அப்போதுதான் தனக்கு ஒரு தம்பி இருப்பதைச் சொன்னார். அயனம்பாக்கத்தில் அப்பா கட்டிய நீளமான வீடு. அம்மா இறந்த பிறகு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். தம்பியின் பாதிக்கு வாசல் அடுத்த தெருவில். இவர் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. தம்பியும் இந்தத் தெருவுக்கு வருவதில்லை. தம்பிக்கு மனைவியும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பேச்சு இவருக்குக் கேட்காது. அப்பா கட்டிய பழைய சுவர்களின் அகலத்திலேயே எழுப்பிய சுவர். ஆனால் அவர்கள் சமையல் கட்டு அந்தச் சுவரை ஒட்டித்தான். விறகு அடுப்பு.

"காத்தால அவங்க அடுப்பு பத்த வெச்சா கொஞ்ச நேரத்துல இந்தப் பக்கம் செவுரு சுட ஆரம்பிக்கும். நான் துண்டு, பனியனெல்லாம் அதுலதான் காய வெக்கிறேன். மழை நாள்ல முதுக சாச்சிக்கினு உக்காந்தா அப்படி இருக்கும். என்னிக்கு சூடு ஜாஸ்தியோ அன்னிக்கு விருந்தாளி வந்துக்கிறாங்கன்னு அர்த்தம்."

"எதனால பேச்சு நின்னுது?"

அம்மா உயிர் பிரிந்த அன்று தம்பி தனக்குச் சொல்லி அனுப்பவில்லை என்றார். இவர் ஷெட்டில் வேலையாக இருந்திருக்கிறார். சாயங்காலம் ஊர்க்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்துக் கேட்டபோதுதான் தெரியும். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனபோது சிதை பாதி எரிந்துவிட்டது. மூத்தவன் வரும் வரை கூடக் காத்திராமல் தம்பி கொள்ளி வைத்துவிட்டான்.

"முகத்தக் கூட காட்டல" என்றார்.

அடுத்த கோடையில் ஒருநாள் காலை, நான் வந்து போர்டில் உட்கார்ந்ததுமே அவர் அறைக்குள் வந்து நின்றார். வழக்கமாக ஜன்னலோடு சரி, உள்ளே வரமாட்டார்.

"ஒரு போன் போடணும்மா."

அவர் யாருக்கும் போன் போட்டு நான் பார்த்ததில்லை. "யாருக்குண்ணா?"

"பூந்தமல்லில லாரி பாடி கட்ற பட்டறை. தம்பி அங்கதான் வேல. இன்னிக்கு வந்துக்கிறானான்னு மட்டும் கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "செவுரு சில்லுனு கீது. நாலஞ்சி நாளா."

"பக்கத்துல யாரையாவது கேட்டுப் பார்க்கலாமே."

"கேட்டா நான் கேட்டேன்னு ஊரெல்லாம் தெரிஞ்சிடும்."

டைரக்டரியைத் தேடி எண்ணைச் சுற்றினேன். மறுமுனையில் தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தம். யாரோ ஒருவர் எடுத்தார். பெயரைச் சொல்லி, இன்று வேலைக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவரா? அவருக்கு வாதம் அடிச்சி பெரியாஸ்பத்திரில சேத்துக்கீதும்மா. வாய் பேச்சு இல்ல. நீ யாரு?"

"தெரிஞ்சவங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரிடம் அப்படியே சொன்னேன்.

"வாதம்னா... கையா, காலா?"

"தெரியலண்ணா. பேச்சு இல்லைங்கிறாங்க. நீங்க போய்ப் பாருங்க."

"நான் போனா அவனுக்குப் புடிக்காதும்மா."

"பிடிக்கலைன்னா அவரே முகத்தைத் திருப்பிக்கட்டும். நீங்க போங்க."

அப்போது கரண்ட் போனது. லேத்துகள் முனகி ஓய்ந்தன. பட்டறையிலிருந்து "இன்னா அண்ணாத்தே, எந்த வகை?" என்று ஒரு குரல் வந்தது. அவர் பின்கட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். பிறகு திரும்பி, முன்வாசல் வழியாகப் போய்ச் சைக்கிளை எடுத்தார். மேனேஜர் அறையிலிருந்து என் போர்டில் விளக்கு எரிந்தது.

"ஜெனரேட்டர் என்ன பண்ணுது?"

"அவர் கிளம்பிட்டார் சார். அவர் தம்பி ஆஸ்பத்திரியில."

"அவருக்குத் தம்பி இருக்காரா?" என்றார் மேனேஜர்.

அன்று மதியம் வரை கம்பெனி இருட்டில் கிடந்தது. ஆட்கள் வாசலில் குந்தி பீடி பிடித்தார்கள்.

நாலைந்து நாள் கழித்துத்தான் அவர் வேலைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. மேனேஜர் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலுக்கு வந்தவர் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

வார்டில் தம்பி மனைவிதான் முதலில் அவரைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு, கட்டிலுக்கடியில் பாய் விரித்துக்கொண்டு ஒற்றையாகக் கிடந்திருக்கிறாள். "மாமா" என்று எழுந்து நின்றவள், அவர் காலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். தம்பிக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணி, என்ன சொல்ல வந்தாலும் "ஹா" என்றுதான் வருகிறது. இவரைப் பார்த்ததும் அந்த "ஹா"வைச் சொல்லிக்கொண்டே இருந்தானாம். கோபமா, வேறு ஏதாவதா, யாருக்கும் புரியவில்லை.

"அது கெடக்கட்டும்மா" என்றார். பிறகு சொன்னார்:

"அம்மா செத்த அன்னிக்கி அவன் இங்க போன் பண்ணிக்கிறான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சி. காத்தாலியே தபாலாபீஸ்ல போயி போன் போட்டுட்டு வந்து, 'சொல்லிட்டேன், அண்ணன் வந்துடும்'னு சொன்னானாம். இங்க யாரோ ஒரு லேடீஸ் எடுத்து, 'சரி, சொல்றேன்'னாங்களாம். மத்தியானம் வரிக்கும் ஒடம்ப எடுக்காம எனக்கோசரம் வெச்சினு இருந்துக்கிறாங்க. தாங்காதுன்னு பெரியவங்க சொல்லித்தான் எடுத்துக்கிறாங்க. நான் வேணும்னே வர்லன்னு அவன் நெனச்சினு இருந்துக்கிறான்."

எனக்கு முன்னால் அந்த போர்டில் இருந்த அம்மாளை ஒரே ஒருநாள் பார்த்திருக்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு, மகளோடு வட நாட்டுக்குப் போய்விட்டார். ரொம்பப் பொறுப்பானவர். ஒரு அழைப்பைக் கூட விடக்கூடாது என்று எனக்குச் சொன்னவர். "அவங்க மறந்திருக்க மாட்டாங்கண்ணா. ஷெட்டுக்கு மணி அடிச்சிருப்பாங்க" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்தது. அவருக்கு அது முன்பே புரிந்திருந்தது.

"அடிச்சிருப்பாங்க. அன்னிக்கு பொழுது முழுக்க கரண்ட் கெடையாது. நான்தான் மெஷின ஓட்டினு இருந்தேன். அந்த சத்தத்துல மணி எங்க கேக்கும்?"

பூவரச மரத்தில் காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அவர் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ கேட்டியேம்மா, அந்தப் பெரிய வகை ஆளுங்க ஏன் கூப்டலன்னு. கூப்ட்டுனே கூட இருக்கலாம். நாமதான் எதுனா ஒண்ண ஓட்டினு, அந்த சத்தத்துல கெடக்குறமோ இன்னாவோ."

டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை மூடியில் பாதி எடுத்துவைத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த வாரமே ஷெட் டெலிபோனில் ஒரு சிவப்பு பல்பை இணைத்தார். மணி அடிக்கும்போது அதுவும் எரியும். மெஷின் எதிரே, கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினார். மேனேஜர் எதற்கு என்று கேட்டதற்கு, "கூப்டறது தெரியணும் சார்" என்றார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த பல்பு தெரியும். எந்த வேலையும் இல்லாத ஒரு மத்தியானத்தில், சும்மா ஒரு தரம் மணி அடித்துப் பார்த்தேன். சிவப்பாக எரிந்தது. அவர் ஓடி வந்து ரிசீவரை எடுத்து "சொல்லும்மா" என்றார். "ஒண்ணும் இல்லண்ணா, சரியா எரியுதான்னு பார்த்தேன்" என்றேன். "எரியுது எரியுது" என்று ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டினார்.

தொண்ணூறுகளில் கம்பெனி மெல்ல மெல்ல இளைத்தது. ஆர்டர் குறைந்தது, ஒரு ஷிப்டை எடுத்தார்கள், பிறகு ஒருநாள் கேட்டைப் பூட்டினார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் சின்னதாக வீடு கட்டிப் போனோம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனார்கள். கல்யாணப் பேச்சு தானாகவே நின்றுபோனது. வேறொரு ஆபீசில் போர்டு வேலை கிடைத்தது. அங்கே ஜன்னல் கிடையாது.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு தோழியின் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோதுதான் அவரைத் தேடிப் போகத் தோன்றியது. வயல் இருந்த இடமெல்லாம் மனைக்கல். கேட்டுக் கேட்டுப் போய் அவர் வாசலில் நின்றால் பூட்டியிருந்தது. "அவரு பகல்ல இங்க இருக்க மாட்டாரு, பின்னாடித் தெருவுக்குப் போங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நடுச்சுவர் அப்படியேதான் இருந்தது. அதை இடிக்கவோ, கதவு வைக்கவோ யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. தம்பி மனைவி எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் கிளம்பியதும் இவர் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்துவிடுவார். அவள் திரும்பி வரும் வரை தம்பிக்கு எல்லாம் இவர்தான். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கையில் திருப்பிப் போடுவது.

நான் போனபோது பேசிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கேட்டது. கம்பெனியில் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள். இங்கே தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி பேசிக்கொண்டே போனார். தம்பி கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கோணிய வாய், அண்ணனைப் போலவே காதோர நரை.

"...அந்த சூரியன சுத்தி மூடி கட்றதுக்கு எங்கேர்ந்துடா சாமான் எடுப்பான்? ஒரு கிரகத்தையே ஒடைச்சி எடுத்துக்குவானாம். கேக்குதா?"

"ஹா" என்றார் தம்பி.

என்னைப் பார்த்ததும் எழுந்து, தலை கால் புரியாமல் அங்கும் இங்கும் போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். வயதாகிவிட்டது, பல் இரண்டு இல்லை. "இவங்கதான்டா அந்த போன் போட்டது" என்று தம்பியிடம் சொன்னார். தம்பி என்னைப் பார்த்து, "ஹா" என்றார்.

"அவருக்குப் புரியுதாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரிலம்மா. காது நல்லா கேக்கும்னு டாக்டர் சொன்னாரு."

அதற்குப் பிறகு என்னிடம் பேச அவருக்கு அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. கம்பெனி ஆட்களைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பழையபடி தம்பிப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலின் மேல் ஒரு பழைய டேபிள் ஃபேன். அதன் தலை தானாகத் திரும்புவதில்லை, ஒரே திசையில் கட்டிலைப் பார்த்து ஓடியது. அவர் சட்டை முதுகோடு நனைந்திருந்தது.

தம்பியின் இடது கை மெல்ல எழுந்தது. ஃபேன் கூண்டின் விளிம்பைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அதன் தலையை அண்ணன் பக்கம் தள்ளியது. இவர் மூன்றாவது வகையைச் சொல்லிக்கொண்டே, பார்க்காமல் கையை நீட்டி அதை மறுபடியும் தம்பி பக்கம் திருப்பினார். தம்பி மறுபடியும் தள்ளினார். நான் டீயைக் குடித்து முடிக்கும் வரை அது இப்படியும் அப்படியுமாகப் போய்க்கொண்டிருந்தது.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் நின்று, "வரேண்ணா" என்றேன். இருவருக்கும் கேட்கவில்லை.